ஞானஸ்நானம் பெற்றவள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்த ஆட்டோ, அந்தப் பழைய ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டபோது காலை பத்து மணி. அம்மா ரோசிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆறு மாதமாக இதே பிழைப்பு. என் கிட்னி ஒன்றை அவளுக்குக் கொடுக்கப் போகிறேன். நான் மகள்தான் என்று நிரூபிக்க டி.என்.ஏ. டெஸ்ட் கேட்டிருந்தார்கள்.

"இருபத்தொன்பது வருஷமா இவங்ககிட்ட அடி வாங்கிக்கினு கீறேன். இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் வேணும்?" என்று ரத்தம் எடுத்த அன்றே வாயடித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இன்று முடிவைப் படித்த டாக்டர் செங்குட்டுவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க இவங்க பொண்ணு இல்லம்மா."

சாம்பிள் மாறிப்போயிருக்கும் என்று சண்டை போட்டேன். நாளைக்கு வந்து மறுபடி கொடுக்கச் சொன்னார். வார்டுக்குத் திரும்பி அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை.

அவள் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி சொன்னாள்.

"டெஸ்ட்டு பொய் சொல்லல கண்ணு. ஜானட்டு நாப்பது நாள்ல செத்துப்போச்சு."

நான்தான் ஜானட்.

"ஏற்கெனவே ரெண்டு கொழந்த போயிருந்துச்சு. இதுவும் தங்கலன்னா வூட்டுப் படி ஏறாதன்னு சொல்லிட்டுதான் உங்கப்பாரு கப்பலுக்குப் போனாரு. யாருக்கும் சொல்லாம எண்ணூர் முகத்துவாரத்துச் சேத்துல பொதைச்சேன். ஃபாதர் இல்ல, ஜெபம் இல்ல. அப்பால, மாதவரத்துல ஒருத்தி பெத்து வேணாம்னு வுட்ட உன்னைத் தூக்கினு வந்தேன்."

"அவ பேரையே எனக்கு வெச்சியா?"

"ஞானஸ்நானம் அவளுக்குக் குடுத்தது. கோயில் புக்குல ஜானட்டுன்னு எழுதிக் கீது. இன்னொரு தபா குடுங்கன்னு எப்படிக் கேப்பேன்? உனக்குக் குடுக்கவே இல்ல."

பெற்ற மகள் இல்லை என்பதைவிட இதுதான் என்னை உலுக்கியது. ஞானஸ்நானம் இல்லாதவளுக்கு நற்கருணையே கிடையாது. நானோ சின்ன வயதில் புதுநன்மை வாங்கினேன். ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கினேன். எல்லாம் சேற்றில் கிடக்கும் ஒருத்தியின் பேரில்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

சாம்பலும் உப்பும் அழுகிய மீனும் கலந்த எண்ணூர்ச் சேற்று வாடை. பினாயிலையும் மீறிக்கொண்டு வந்தது.

அம்மாவின் பார்வை என் தோளைத் தாண்டிப் போனது.

"வந்துட்டியா?" என்று கிசுகிசுத்தாள்.

திரும்பினேன். யாரும் இல்லை.

மறுநாள் நான் சாம்பிள் கொடுக்கப் போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது? ஒரு வாரம் கழித்து டாக்டரே போன் செய்தார். இரண்டாவது டெஸ்ட் பொருந்திவிட்டதாம். நீங்கள் மகளேதான் என்றார்.

சாம்பிள் கொடுத்தது யார் என்று கேட்க லேபுக்கு ஓடினேன். ரத்தம் எடுக்கும் ஷிஜி என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"நீங்கதானே அக்கா வந்தீங்க? தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. தரை பூரா சேறு, நான்தான் துடைச்சேன்."

பதிவேட்டைக் காட்டினாள். ஜானட் என்ற கையெழுத்து. என் எழுத்தேதான்.

உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடும். அம்மா செத்துப்போவாள். யார் பெற்றால் என்ன, எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எனக்கு வலியே இல்லை.

இடுப்பைத் தடவினேன். கட்டு இருந்தது.

ஒரு ஓரமாகப் பிரித்தேன். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

தட்டுத் தடுமாறி அம்மாவின் அறைக்குப் போனேன். புதுக் கிட்னி அருமையாக வேலை செய்கிறது என்று நர்ஸ் பூரித்துக்கொண்டே வெளியே போனாள். அம்மாவின் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா..."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த காலி ஸ்டூலின் பக்கம் திரும்பினாள்.

"ஜானட்டு, யாரு கண்ணு இவ?"

"தெர்லம்மா."

அது என் குரல். நான் வாயைத் திறக்கவில்லை.