தேன்சிட்டுக்கு இரண்டு பேர் தேவை

குணவதியின் கால் கட்டைவிரலை யாரோ மிதித்தார்கள்.

“ஐயோ! நீங்க இருக்கிறது தெரியலைங்க.”

“தெரியக் கூடாதுன்னுதானே போர்த்தியிருக்கோம். வலப்பக்கமாப் போங்க, முன்னால முள்ளு கிடக்கு.”

குரல் வலப்பக்கமாக நகர்ந்தது. சிறுமலை அடிவாரத்துப் புதர்க்காட்டிலும் அதை ஒட்டிய குடியிருப்பின் தோட்டங்களிலும் அன்று காலை எழுபது பேராவது கேமராவோடு உலவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை.

பங்குனி பிறந்தால் மறைவுக்காலம். பூப்பூக்கும், கூடுகட்டும் அந்த மூன்று மாதமும் வாசலைத் தாண்டுகிற எவரும் மறைப்போர்வை போர்த்தியாக வேண்டும். அது ஒளியை வளைத்து ஆளை மறைக்கும். வியர்வை வாடையை உறிஞ்சும். பேச்சையும் காலடிச் சத்தத்தையும் விழுங்கிவிடும். போர்வைக்காரர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் காதுப்பொத்தானில் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். மனிதன் இல்லாதபோது பறவை என்ன செய்கிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும். கூட்டருகே மனிதர் தெரிந்தாலோ, படத்தில் பறவை கேமராவைப் பார்த்துவிட்டாலோ போச்சு. ‘பார்வைக் கறை’ என்று சொல்லி இயற்கைப் பதிவகம் அந்தப் படத்தைத் தள்ளிவிடும்.

குணவதிக்கு இந்த ஆண்டு ஒரு படம்கூடக் கறைபடக் கூடாது. காரணம், காடு. ஏழு ஆண்டுக்குள் காட்டிலோ அதை ஒட்டிய தோட்டங்களிலோ அரிய பறவை ஒன்றாவது குஞ்சு பொரித்துப் பறக்கவிட்டதாகப் பதிவு இல்லையென்றால், அந்த நாற்பது ஏக்கரும் சரக்குக் கிடங்குக்குப் போய்விடும். ஆறு ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்துவிட்டன. அவள் வேலை பார்த்ததோ நில அளவை அலுவலகத்தில். புதர்க்காட்டை அழித்துக் கிடங்கு என்று எழுதிய வரைபடத்தை அவளையே வரையச் சொல்லியிருந்தார்கள்; அது பாதி முடிந்து மேஜையில் கிடந்தது.

மிச்சமிருந்த நம்பிக்கை ஜெசிந்தா வீட்டுக் கொல்லையில் தொங்கியது. மாவட்டத்திலேயே பதினோரு ஜோடிதான் மீதம் என்று சொல்லப்பட்ட ஊதாத் தேன்சிட்டு, போயும் போயும் அவர் துணிக்கொடியில் கூடு கட்டியிருந்தது. நாரும் சிலந்தி வலையும் பின்னிய சின்னச் சுருக்குப்பை. உள்ளே இரண்டு குஞ்சுகள்.

ஜெசிந்தா ஓய்வுபெற்ற நர்ஸ். போர்வை போட்டால் அவருக்குத் தும்மல் நிற்காது. அதனால் பங்குனி முதல் நாளே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடங்கிவிடுவார். அதுவரை கொல்லைப் படியில் உட்கார்ந்து கரூர்த் தங்கையிடம் மணிக்கணக்காகப் போனில் பேசுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

குணவதி கூட்டுக்கு ஆறடி தள்ளி நின்று கேமராவைச் சரிசெய்தாள். தாய்ச்சிட்டு இரை தேடிப் போயிருந்தது. அப்போதுதான் மதில்மேல் அது நடந்து வந்தது. செம்போத்து. செங்கல் நிற இறக்கை, இரத்தச் சிவப்புக் கண். அவசரமே இல்லாமல், கடைக்குப் போகிறவர்போல் கூட்டை நோக்கி வந்தது.

“ச்சூ! போ!”

குணவதி கத்தினாள். போர்வை அதை விழுங்கிவிட்டது. கையை வீசினாள். அதையும் மறைத்துவிட்டது. செம்போத்து கொடிக்குத் தாவி, கூட்டின் வாசலுக்குள் அலகை நுழைக்கப் போனது.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கதவு திறந்தது. அரிசி கழுவிய தண்ணீரோடு ஜெசிந்தா எட்டிப் பார்த்தார். செம்போத்து அடித்துப் பிடித்துக்கொண்டு மதிலைத் தாண்டி ஓடியது.

குணவதி மூச்சு விடுவதற்குள் இன்னொன்று நடந்தது. தாய்ச்சிட்டு அலகில் சிலந்தியோடு திரும்பி வந்து, ஜெசிந்தாவின் தலைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, நிதானமாக ஊட்ட ஆரம்பித்தது. குணவதி போர்வையோடு பக்கத்தில் நின்ற நாலு நாளில் அது இப்படி நிதானமாக ஊட்டியதே இல்லை. நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து, பதறிக்கொண்டே ஊட்டும்.

ஏன்?

அன்று முழுவதும் பழைய பதிவுகளைப் புரட்டினாள். ஆறு ஆண்டில் இருபத்துமூன்று கூடுகள். இருபத்துமூன்றும் காலி. ஒவ்வொன்றின் கீழும் பதிவகம் ஒரே குறிப்பை எழுதியிருந்தது: ‘மனித வாடை கசிந்திருக்கலாம். போர்வையை இன்னும் தடிப்பாக்குக.’ ஆண்டுக்காண்டு தடிப்பாக்கியிருந்தார்கள். ஆண்டுக்காண்டு கூடுகள் குறைந்திருந்தன.

மறுநாள் விடிந்ததும் ஜெசிந்தாவின் கொல்லைக் கதவைத் தட்டி, உள்ளே நுழைந்து போர்வையைத் தலையிலிருந்து தள்ளிவிட்டாள்.

“அக்கா, இந்தச் சிட்டு உங்களைப் பார்த்துத்தான் இங்க கட்டியிருக்கு. நீங்க படியில உட்கார்ந்து பேசினா செம்போத்து அண்டாதுன்னு கணக்குப் போட்டிருக்கு.”

“நான் என்னடி காவல்காரியா?”

“சம்பளமில்லாத காவல்காரி. கட்டி முடிச்சு முட்டையும் வச்சப்புறம் உங்களை நாங்க உள்ள தள்ளிப் பூட்டிட்டோம்.”

“சரி, நான் வெளிய உட்கார்ந்தா உன் படம் என்னாகும்?”

அங்கேதான் சிக்கல். போர்வையோடு நின்றால் படம் சுத்தமாக இருக்கும், குஞ்சு இருக்காது. போர்வையைக் கழற்றினால் குஞ்சு இருக்கும், பதிவு இருக்காது. இரண்டிலும் காடு போகிறது. குணவதி கொஞ்ச நேரம் கூட்டையே பார்த்தாள். பிறகு வெளியே வந்து போர்வையை முழுக்க உருவிக் கொடியில் போட்டாள். ஜெசிந்தா படியில் வந்து உட்கார்ந்தார்.

“நகர்ந்து உட்காருங்கக்கா.”

எட்டு நாள் உட்கார்ந்தார்கள். குணவதி லீவு போட்டாள். கரூர்த் தங்கையின் மாமியார் கதை முழுக்க அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. செம்போத்து தினமும் மதில்வரை வந்து, இருவரையும் முறைத்துவிட்டுப் போனது.

“என்ன மொறைக்கிற? ஆஸ்பத்திரியில உன்னைவிடப் பெரிய டாக்டரையெல்லாம் பார்த்தவ நான்” என்றார் ஜெசிந்தா.

ஒன்பதாம் நாள் காலை இரண்டு குஞ்சுகளும் கூட்டைவிட்டு எலுமிச்சை மரத்துக்குப் பறந்தன.

குணவதி நானூற்றுப் பன்னிரண்டு படங்களை அனுப்பினாள். பெரும்பாலான படங்களில் தாய்ச்சிட்டு நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரை நிமிடத்தில் பதில் வந்தது: ‘பார்வைக் கறை. ஏற்க இயலாது.’

அவள் விடவில்லை. இருபத்துமூன்று காலிக் கூடுகளின் பட்டியலைச் சேர்த்து மேல்முறையீடு செய்தாள். மூன்றாம் நாள் பதிவாளர் அருமைநாயகம் நேரில் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா மனுசன் இருந்தாத்தான் பறவை பிழைக்கும்னா, நாங்க இவ்வளவு நாள் என்ன செஞ்சோம்? குஞ்சுங்க இன்னும் மரத்துலதானே இருக்கு? நீங்க ரெண்டு பேரும் அரை மணி நேரம் உள்ள போங்க. நான் மறைவா நின்னு பார்க்கிறேன்.”

புதுப் போர்வை; இருப்பதிலேயே தடிப்பானது. அதைப் போர்த்தியதும் ஆள் காணாமல் போனார். இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தார். குணவதி நகத்தைக் கடித்தாள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால், போர்வை தரையில் கிடக்க, மூக்குக்கண்ணாடி கோணிக்கொள்ள, அருமைநாயகம் துண்டை வீசிக்கொண்டு எலுமிச்சை மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்.

“போ! அட போங்கிறேன்! அம்மா, ரெண்டு பேரும் வெளிய வாங்க சீக்கிரம்!”

செம்போத்து மதில் தாண்டியது. குஞ்சுகள் இரண்டும் இலைக்குள் ஒண்டியிருந்தன. பதிவாளர் படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். கோணிய கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

“நாம பார்க்காதப்போ என்ன நடக்குதுன்னு பார்த்துட்டேன்” என்றார் கடைசியில்.

ஆணை வைகாசியில் வந்தது. காடு தப்பித்தது. பாதியில் நின்ற வரைபடத்தைக் குணவதி தன் கையாலேயே கிழித்தாள். ஆனால் ஆணையில் இரண்டாம் பக்கமும் இருந்தது.

‘ஊதாத் தேன்சிட்டின் வாழிட உறுப்புகள்: எலுமிச்சை மரம் ஒன்று. துணிக்கொடி ஒன்று. மனிதர் இருவர், கண்ணுக்குத் தெரியும்படி, பேசிக்கொண்டிருக்கும் நிலையில். மேற்கண்ட உறுப்புகளை மறைவுக்காலத்தில் இடம் மாற்றுதல் குற்றம். அவற்றின் இயல்பான நடத்தை ஆய்வாளர்களால் பதிவு செய்யப்படும்.’

அடுத்த பங்குனி. காலை ஆறு மணிக்கு இருவரும் கொல்லைப் படியில் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தில் வேறு யாரும் தெரியவில்லை. புதுவகை உறுப்புகளைப் படமெடுக்கப் பதிவகத்தில் இருநூறு பேர் பெயர் கொடுத்திருப்பதாகக் கேள்வி.

குணவதி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். டீயை ஒரு வாய் குடித்தாள், இடப்பக்கம் பார்த்தாள், இன்னொரு வாய் குடித்தாள், வலப்பக்கம் பார்த்தாள்.

“அடுப்புல பால் இருக்கு, பார்த்துட்டு வர்றேன்” என்று ஜெசிந்தா எழுந்தார்.

குணவதி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பொங்கினா பொங்கட்டும்க்கா. கண்ணுக்குத் தெரியற ஆளு ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தொண்டையில டீ இறங்குது.”