அடுப்பு அணைந்த காலை

“அடியே, எங்கடி ஒளிச்சு வச்சிருக்க? சொல்லிடு… நான் உன் காலைப் பிடிக்கணுமா?”

மாமியாரின் குரல் கேட்டு, மருமகள் மாவு பிசைந்த கையோடு திரும்பினாள். ரொட்டிக் கடையும் வீடும் ஒன்றாய் இருந்த அந்தக் கட்டிடத்தில் சண்டைக்குத் தனி அறை ஏது! மாமியாருக்குப் பின்னால் கொழுந்தன் நின்றான். வாசற்படியில் அவள் புருஷன், வாய்க்குப் பூட்டுப் போட்டவன் போல.

“எதை அத்தை?”

“எதையாம்! என் மாமியார் விட்டுட்டுப் போன நகையை! உங்க மாமா சாகக் கிடக்கும்போது உன்னைத்தானே கையை நீட்டி நீட்டிக் காட்டினாரு? பேச்சு வராத மனுஷன் வேற எதுக்குக் காட்டுவாரு?”

பக்கவாதத்தில் விழுந்த மாமனாரின் கட்டில், கதகதப்புக்காக இந்த அடுப்பறை மூலையில்தான் கிடந்தது. அவர் போன பிறகு பீரோ, பரண், மாவு மூட்டை எல்லாவற்றையும் துழாவியாகிவிட்டது. இன்று விடிவதற்குள் அவளுடைய பெட்டியையும் கவிழ்த்திருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, படுபாவிகள்!

“அண்ணி, மரியாதையாச் சொல்றேன். நகையை எடுத்து வைங்க. இல்லேன்னா உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்புங்க” என்றான் கொழுந்தன்.

இவன் வெளியூருக்குப் படிக்கப் போன வருஷம், தன் அம்மா போட்ட வளையல்களைக் கழற்றி மாமனார் கையில் வைத்தவள் அவள். ‘வித்துடுங்க மாமா. யாருக்கும் தெரிய வேண்டாம், தம்பி மனசு சங்கடப்படும்’ என்றாள். தொலைத்துவிட்டேன் என்று வீட்டில் பொய் சொன்னாள். அன்றிலிருந்து மாமியார் வாயில் அவள் ‘வளையலைத் தொலைச்ச மூதேவி’. சொல்லிக்காட்ட இப்போது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“நீங்களுமா என்னைச் சந்தேகப்படறீங்க?”

அவன் தரையைப் பார்த்தான். அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

“சரி… இன்னிக்கு அடுப்பை நீங்களே பாத்துக்குங்க.”

கையைக் கழுவிவிட்டுத் துணிமணியை மூட்டை கட்டப் போனாள்.

அந்த ரொட்டி அடுப்பு வருஷக்கணக்கில் அணைந்ததே இல்லை. கொழுந்தன் படிக்கப் போன அதே வருஷம் பழைய அடுப்பு விரிசல் விட்டபோது மாமனார் கொத்தனாரைக் கூட உள்ளே விடாமல் தானே கட்டியது அது. ‘இது அணையக் கூடாதும்மா’ என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். ராத்திரி தணலைச் சாம்பலால் மூடி, காலையில் கிளறி விறகு போடுவது அவள் வேலை. இன்று யாரும் கிளறவில்லை.

மத்தியானத்துக்குள் அடுப்பு ஆறிப்போனது. மறுபடி மூட்டலாமென்று புருஷன் அடியிலிருந்த சாம்பல் குழியைச் சுரண்டினான். சாம்பல் கரண்டி ஒரு செங்கல்லில் இடித்தது. செங்கல் ஆடியது. அதை உருவியதும் உள்ளே மூடி போட்ட பித்தளைச் சம்புடம் ஒன்று தெரிந்தது.

“அம்மா! இங்க வாங்க!”

மத்தியான பஸ்ஸுக்கு மூட்டையும் கையுமாகக் கிளம்பியவள் கதவோரம் நின்றாள். கரிபிடித்த பித்தளைச் சம்புடத்தை மாமியார் பிடுங்கித் திறந்தாள்.

“கிடைச்சுடுச்சு! என் மாமியாரோட…” பேச்சு பாதியில் நின்றது. “இது… நீ தொலைச்ச வளையலாச்சே! வேற ஒண்ணும் இல்லையே!”

“தொலைக்கல அத்தை. தம்பி படிப்புக்குன்னு மாமாகிட்ட குடுத்தேன். வித்துட்டாருன்னுதான் இத்தனை நாளும் நெனச்சேன்…”

“அப்போ அவனைப் படிக்க வச்சது?” மாமியார் மெல்ல இளைய மகன் பக்கம் திரும்பினாள். “பாட்டி நகையை வித்துத்தாண்டா உன்னைப் படிக்க வச்சிருக்காரு! இவளோடதை இவளுக்கே பத்திரப்படுத்திட்டு, என் வாய்க்குப் பயந்து மறைச்சிருக்காரு…”

மாமியார் மறுபடி மருமகளைப் பார்த்தாள்.

“நீ அடுப்பு முன்னாடி நின்னப்பதானே கையை நீட்டினாரு… அடுப்பையும் காட்டி, உன்னையும் காட்டி, இது உன்னுதுன்னு சொல்லியிருக்காரு! நான் பாவி… திருடின்னு சொல்லிட்டேனே!” மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். அழுதுகொண்டே ஒரு வளையலை அவள் கையில் மாட்டப் பார்த்தாள். மாவு பிசைந்து பிசைந்து தடித்த கையில் அது ஏறவில்லை.

“அண்ணி… எந்த முகத்தை வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேப்பேன்…”

“கொல்லையில விறகு இருக்கு தம்பி. போய் அடுப்பை மூட்டுங்க.”

வாழ்நாளில் முதல் தடவையாக அவன் விறகு சுமக்கப் போனான். புருஷன் ஓசைப்படாமல் அவள் மூட்டையை எடுத்து உள்ளே வைக்கப் போனான்.

“அதைக் கீழ வைங்க. காலையிலேருந்து நீங்க எனக்காக ஒரு வார்த்தை பேசல.”

அவன் மூட்டையைக் கீழே வைத்தான்.

“தப்பு என்னோடதுதான்… நான் கேட்டிருக்கணும். போகாதே.”

அவள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.