61-ஆம் நம்பர் யுத்தம்

"ஐயோ...!"

மாடி அறையிலிருந்து எழுந்த அலறல் தெருமுனை வரை கேட்டது.

கடைக்குப் போய்த் திரும்பிய மேஜரின் மனைவிதான் அலறினாள், தோளில் பையோடு அறை வாசலிலேயே நின்று. சுவர் முழுக்கக் காமிக்ஸ் அலமாரி. கீழே சாய்ந்து கிடந்தது ஏணி. பக்கத்தில் உயிரில்லாமல் மேஜர். மேஜை முனையில் ரத்தம்!

மேஜர் ராணுவம் பார்த்தவரல்ல. மின்சார ஆபீஸ் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து, உள்ளங்கை அகல இங்கிலாந்துப் போர்க் காமிக்ஸ்களைப் படித்ததில் கிடைத்த பட்டம் அது. கூட உட்கார்ந்து படித்தவர் சார்ஜென்ட்.

ஐம்பது வருஷ நட்பு. அந்தச் சார்ஜென்ட் இப்போது அறை வாசற்படியில் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"ஏணி வழுக்கியிருக்கும்மா. டாக்டரும் அதான் சொல்றார். நான் கையெழுத்துப் போட்டுட்டா சாயங்காலமே எரிச்சிடலாம்."

"ஒரு நிமிஷம் சார்... காலைல படிச்சிட்டிருந்த புக்கையும் அவரோட அனுப்பணும். அறுபத்தொண்ணாம் நம்பர் காமிக்ஸ்."

"படிச்சிட்டிருந்தாரா?"

"நூறாவது தடவை! மணல்ல சிக்கின டேங்க் வெளியே வந்துடுச்சான்னு பாத்துட்டு சாப்பிட வர்றேன்னார்..."

தேடினாள். மேஜையில் இல்லை. தரையில் இல்லை.

அலமாரியில், அறுபதுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவே, பிளாஸ்டிக் கவருக்குள் சமர்த்தாக நின்றது.

எடுத்தாள். கவரிலிருந்து உருவினாள்.

பின்னட்டையில் ஈரச் சிவப்பு!

"சார்... ரத்தம் உள்ளே இருக்கு. கவர் மேல ஒரு சொட்டு இல்ல."

பேனா நின்றது.

"செத்தவர் எந்திரிச்சு, கவர் போட்டு, நம்பர் பார்த்தா அடுக்கினார்? கையெழுத்துப் போடாதீங்க சார். எரிச்சுட்டா எல்லாம் போச்சு!"

"இன்னிக்கு யார் வர்றதா இருந்துச்சு?"

"ரீப்ரிண்ட் போடற பதிப்பாளர். இந்த நம்பர் வேற எங்கேயும் கிடைக்கலியாம்."

சார்ஜென்ட் சீறினார்.

"அவன்தான் சார்! புக்கோட முதுகை அறுத்து, தாள் தாளாப் பிரிச்சு ஸ்கேன் மெஷின்ல குடுக்கறவன். பளபளா காகிதத்துல யுத்தம் நடக்குமா? பழுப்புத் தாள்லதான் சார் புகையே தெரியும்! புக்கையே கொல்றவன் ஆளைக் கொல்ல மாட்டானா?"

"முதுகை அறுக்கறவன், இதுக்குக் கவர் போட மாட்டானே பெரியவரே..."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளிடம் திரும்பினார்.

"சாட்சிப் பொருள்யா இது. மூலைல ஓட்டை போட்டு நூல் கட்டு."

கான்ஸ்டபிள் பஞ்சிங் மெஷினை அட்டையில் பொருத்தினான். அமுக்கப் போனான்.

"ஓட்டை போடாதே...!"

பாய்ந்தார் சார்ஜென்ட். புத்தகத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்தார்.

"இதுக்காகத்தானே அவனையே..."

நிறுத்திக்கொண்டார். ரொம்பத் தாமதம்!

"அவனையே...?"

சார்ஜென்ட் சுவரோரம் சரிந்தார்.

"அந்தப் பதிப்பாளருக்குக் குடுக்கறேன்னான் சார். அறுத்துடுவாங்கடான்னேன். சிரிச்சான். பிடுங்கினேன், விடல. தள்ளிட்டேன்... ஏணியை அப்புறமாத்தான் சாய்ச்சேன். புக்கு தரையில கிடந்துச்சு. ரத்தம் அதைப் பார்த்து ஓடி வந்துச்சு. எப்படி சார் அப்படியே விட்டுட்டுப் போவேன்?"

மனைவி அவர் எதிரில் மண்டியிட்டாள்.

"புக்கைத் தூக்கினீங்களே அண்ணா... அப்போ அவருக்கு மூச்சு இருந்துச்சா?"

சார்ஜென்ட் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதுவே பதில்.

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...

மேஜரின் செல்போன்! இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேஜர் சார்! பதிப்பாளர் பேசறேன். நீங்க கண்டிஷனாச் சொன்னபடி கேமராதான் கொண்டு வர்றேன். முதுகை அறுக்க மாட்டோம், ஒரு பின்னைக்கூடத் தொட மாட்டோம். அப்புறம்... முதல் பக்கத்துக்கு நீங்க குடுத்த வரியை அச்சுக் கோத்தாச்சு. 'என் கூட எல்லா யுத்தத்துக்கும் வந்த சார்ஜென்டுக்கு'. சரிதானே சார்? ஹலோ... சார்...?"

இன்ஸ்பெக்டர் இணைப்பைத் துண்டித்தார்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல...?" சார்ஜென்ட் பிணத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்ல விட்டீங்களா?" என்றாள் அவள்.

விலங்கு பூட்டினார்கள். ஜீப்பில் ஒரு காலை வைத்தவர் தயங்கினார்.

"சார்... அந்த ரீப்ரிண்ட் வந்தா... ஜெயில்ல படிக்கக் குடுப்பாங்களா?"

இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார்.

"தாராளமா! என்ன ஒண்ணு... அட்டைல, நடுப் பக்கத்துல, கடைசிப் பக்கத்துலன்னு 'ஜெயில் லைப்ரரி'ன்னு நச்சு நச்சுன்னு முத்திரை குத்தித்தான் குடுப்பாங்க!"