தலையாட்டும் விமானம்

சிறுமி குருவியின் சித்தி மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டிய குட்டி விமானத்துக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வானத்தில் ஏறியதும் சும்மா சும்மா தலையாட்டும்.

அதை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவது குருவியின் அம்மா. விமானம் சொன்ன பேச்சைக் கேட்டால் ஒன்று. கேட்கவே கேட்காவிட்டால் பத்து. இதுவரை பறந்த இரண்டு முறையும் அம்மா ஏழுதான் போட்டார்.

"அக்கா, கூடப்பிறந்தவளுக்கு ஒரு நாலு போடக் கூடாதா?" என்றார் சித்தி.

"நாலாம் நாலு! ஓட்டற பிடியை லேசா இழுத்தா மூக்கு விருட்டுனு ஏறுது. இறக்கினா குப்புற விழப் பார்க்குது. மல்லுக்கட்டியே கை வலிக்குது."

சித்தியின் முகம் தொங்கிப்போனது. "இன்னைக்கும் ஏழுன்னா பிரிச்சுப் போட்டுடறேன்."

குருவிக்கு அழுகை முட்டியது. அந்த இறக்கைகளை உப்புத்தாளால் தேய்த்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. விமானம் நின்ற கொட்டகையின் மூலையில் போய் உட்கார்ந்து காகித விமானம் விட்டாள். மூக்கில் தாள் கிளிப் ஒன்றை மாட்டினால் நேராகப் போனது. வாலில் மாட்டினால் தலையாட்டித் தலையாட்டித் தொப்பென்று விழுந்தது. அச்சு அசல் சித்தியின் விமானம்!

நிமிர்ந்து பார்த்தாள். சித்தி தன் கருவிப்பெட்டியை மூச்சுப்பிடித்துத் தூக்கி, விமானி இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு சித்தி?"

"எங்கயாவது இறங்க வேண்டி வந்தா ஸ்பேனர் வேண்டாமா? எப்பவும் வைக்கறதுதானே."

"விமானத்துல ஏத்தறதையெல்லாம் எழுதற எடைப் பட்டியல்ல இதை எழுதினியா?"

சித்தி திருதிருவென விழித்தார். "பெட்டியையா? அது என் கைப்பை மாதிரிடி!"

குருவி காகித விமானத்தை இரண்டு விதமாகவும் விட்டுக் காட்டினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பின்பக்கம் இவ்வளவு கனம் இருந்தா, தொட்டாலே துள்ளாம என்ன செய்யும்?"

எடையை மறுபடி கணக்குப் போட்டார்கள். இந்த முறை பெட்டி தரையிலேயே இருந்தது. அம்மா பறந்தார்.

விமானம் மூக்கைத் தூக்கியது. குருவி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அது நேராக, சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது.

இறங்கி வந்த அம்மா தாளில் பெரிதாக இரண்டு போட்டார்.

சித்தி குருவியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "என் மூணு வருஷத்தைக் காப்பாத்திட்டே கண்ணு. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"ஒரு கிளிப்புக்கா இவ்வளவு?" என்று நெளிந்தாள் குருவி. உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எடைப் பட்டியலின் கடைசி வரியில் சித்தி எழுதினார்: "கருவிப்பெட்டி தரையில்தான் இருக்கும். நன்றி, குருவி." அந்தத் தாளில் அவளுடைய கிளிப்பையே மாட்டிவைத்தார்.