இருபத்திரண்டு மாத இடைவெளி

மழையிலிருந்து ஓடிவந்த இருவரையும் ஏற்றிக்கொண்ட மருத்துவமனை லிஃப்ட், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அவளுக்கு மூச்சு முட்டியது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்க. காலைத் தரையில நல்லா ஊன்றிக்கோங்க. அந்தப் பலகையில எத்தனை திருகு இருக்குன்னு எண்ணுங்க," என்றான் உடனிருந்தவன்.

"ஏன்... நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா?"

"இல்லைங்க, மனநல சிகிச்சையாளர். இங்க வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க வந்தேன்."

பதினொன்று எண்ணியிருந்தாள். மூச்சும் சீராகியிருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மழை சொட்டும் முடி, அவசரப்படாத கண்கள்... இப்படிப்பட்ட கண்களை நம்பித்தான் அக்கா ஏமாந்தாள். ஒரு விபத்தின் அதிர்ச்சியிலிருந்து அவளை மீட்பதாகச் சொன்ன ஒருவன், கண்ணை மூடி அந்த நிமிடத்துக்கே திரும்பத் திரும்பப் போகச் சொன்னான். ஒரு வருடத் தூக்கம் தொலைந்த பிறகுதான் அவன் பட்டமே போலி என்று தெரிந்தது.

அந்த மருத்துவமனையில் சான்றிதழ் சரிபார்ப்பது அவள் வேலை. அக்காவுக்கு நேர்ந்ததற்குப் பிறகு அவளைத் தாண்டி ஓர் ஈகூட உள்ளே போனதில்லை.

மறுநாள் அவன் கோப்பு அவள் மேசைக்கே வந்தது. பட்டம், சரி. மூத்தவர் மேற்பார்வையில் சிகிச்சை அளித்த ஆயிரத்து இருநூறு மணி நேரம், சரி. புகைப்படத்தை மட்டும் ஏனோ மூன்று முறை சரிபார்த்தாள். ஆனால் நடுவில் இருபத்திரண்டு மாதங்கள் வெறுமையாக இருந்தன. விளக்கம் கேட்டதற்கு, 'சொந்தக் காரணம்' என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது.

திமிர்! வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னாள்.

"ஜெயில்ல இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் சொல்றதுக்கு என்ன?"

"என்கிட்ட வர்றவங்களை நான் வற்புறுத்தறதில்ல. அவங்களா சொல்ற வரைக்கும் காத்திருப்பேன்."

"சார், நான் உங்ககிட்ட வரல. நீங்கதான் என்கிட்ட வந்திருக்கீங்க."

சிரித்துவிட்டான். பிறகு அந்தச் சிரிப்பு வற்றியது.

"என் தம்பி மூழ்கினப்ப நான் கரையில நின்னுட்டிருந்தேன்... அப்புறம் குழாயில தண்ணி விழற சத்தம்கூடத் தாங்க முடியல. இருபத்திரண்டு மாசம் நோயாளி நாற்காலியில உட்கார்ந்தது நான்தான். கண்ணைத் திறந்துவெச்சு எதிர்ல இருக்கறதை எண்ணக் கத்துக்கிட்டது அங்கதான். இதையெல்லாம் எழுதினா யாருங்க வேலை கொடுப்பாங்க?"

லிஃப்டில் எண்ணிய பதினொரு திருகுகள் அவளுக்கு நினைவு வந்தன. ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"குரலை இப்படி இறக்கிப் பேசவும் பயிற்சி உண்டா?"

"உண்டு. உங்ககிட்ட பலிக்காதுன்னு லிஃப்ட்லயே தெரிஞ்சுபோச்சு."

தனக்குச் சிகிச்சை தந்தவரின் எண்ணையும், அவர் தன்னைப் பற்றிப் பேசலாம் என்ற ஒப்புதலையும் எழுதி நீட்டினான். அவன் எதிரிலேயே அழைத்து விசாரித்தாள். ஒரு தேதிகூடப் பிசகவில்லை.

போனை வைத்தவள், அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உங்க கோப்புல நான் கையெழுத்துப் போட முடியாது."

"இன்னுமா நம்பல?"

"நம்பிட்டேன்... அதான் சிக்கல். இதை மேலதிகாரிக்கு மாத்தணும். விதி அப்படி."

மாற்றுவதற்கான படிவத்தில் காரணம் கேட்டிருந்த கட்டத்தை நிரப்பி, தாளை அவன் பக்கம் திருப்பினாள். கன்னம் சுட்டது.

'விண்ணப்பதாரர் மீது எனக்குத் தனிப்பட்ட விருப்பம் உண்டு. அவர் மனம் தெரியாது.'

ஒருமுறை படித்தான். மறுபடியும் படித்தான்...

"ரெண்டாவது வரி தப்பு, மேடம்," என்றான் மெதுவாக. "சரிபார்க்காம எழுதிட்டீங்க."