மூன்றாவது விமானம்

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு வயர்லெஸ் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த இன்னாசிமுத்துவுக்கு, வில்லியனூருக்குத் தெற்கே இருந்த விமானத் திடலில் வேலை கிடைத்தது. நாற்பத்தேழாம் வருஷம், தை மாதம். மனைவி தனக்கொடி கட்டிக்கொடுத்த சோற்று மூட்டையோடு மாட்டு வண்டியை விட்டு அவன் இறங்கியபோது, விடிந்து வெகு நேரமாகியும் பனி கலைந்திருக்கவில்லை. விமானங்கள் ஓடும் செம்மண் பாதை கண்ணுக்கெட்டாமல் வெள்ளையில் கரைந்துபோயிருந்தது. அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சுற்றிலும் ஆளை மறைக்கும் கரும்பு.

காற்றில் வெல்லம் தீய்ந்த வாடை. அதற்கடியில் வேறு ஏதோ கருகிய நாற்றம்.

"பக்கத்துல ஆலை எதுனா ஓடுதாப்பா?" என்று காவல்காரன் பலராமனைக் கேட்டான்.

பலராமனுக்கும் அவன் வயதுதான் இருக்கும். திடலில் பாதி அவனுடைய கரும்புக் கொல்லை. சர்க்கார் பிடுங்கிக்கொண்டு அவனையே அங்கே காவலுக்கு வைத்திருந்தது. அவன் சாவியைக் கையில் கொடுக்காமல் தரையில் போட்டான்.

"ஆலையும் இல்ல ஒன்னும் இல்ல. போன வருசம் இதே பனியில ரெண்டு ஏரோப்ளேன் மேல இடிச்சிக்கிச்சி. இந்த ரூம்ல இருந்தவன் ஒருத்தன எறங்கச் சொன்னான். ரெண்டு பேரும் தனக்குத்தான் சொல்றான்னு எறங்கிட்டானுங்க. ஒன்னு தப்பிச்சிப் பூடிச்சி. இன்னொன்னு என் கரும்புல வுழுந்து எரிஞ்சிது. ஓட்டனவன் எரிய எரிய அந்த வயர்லெஸ் பொட்டிக்குள்ள கத்திக்கினே இருந்தான்."

"அய்யோ."

"இன்னா அய்யோ? எங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டீங்க. ஒருத்தனும் இங்க நல்லபடியா எறங்கக் கூடாது." காறித் துப்பிவிட்டுப் பனிக்குள் நடந்துவிட்டான்.

இன்னாசிமுத்து அறைக்குள் போய் பேட்டரியை இணைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். உச்சிக்கு முன்னால் விமானம் எதுவும் வருவதாக இல்லை. இரைச்சல் மட்டும் மழைபோலக் கேட்டது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் பிரெஞ்சில் பேசியது. இளைஞனின் குரல். களைத்திருந்தது.

"இறங்க அனுமதி வேண்டும்."

சொல்லாமல் வந்த விமானம் என்று நினைத்தான். "யார் நீங்கள்? காத்திருங்கள்."

"காத்திருந்தாயிற்று."

எங்கோ சுள்ளிகள் வெடிப்பதுபோல ஒரு சத்தம்.

"நீ புது ஆள். உன் பெயர் என்ன?"

பட்டாளத்துப் பழக்கம். கேட்டதும் சொல்லிவிட்டான். "இன்னாசிமுத்து."

அந்தக் குரல் அதைச் சொல்லிப் பார்த்தது. முதல் முறை வெள்ளைக்காரன் சொல்வதுபோல நாக்கு புரளாமல் சொன்னது. மறுமுறை கொஞ்சம் திருத்தமாக. அதற்கடுத்த முறை, அவனுடைய அம்மா அவனை எப்படிக் கூப்பிடுவாளோ அப்படி.

ஹெட்போனைக் கழற்றி வீசினான். ஓடிவிடலாமா என்று யோசித்தான். ஆனால் வரப்போகும் விமானங்களுக்கு வேறு யார் பதில் சொல்வது? பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் வருவார்கள். மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டான்.

பனி விலகாமலே நேரம் ஏறியது. முதலில் மதராஸிலிருந்து பயணிகள் விமானம் கூப்பிட்டது. அடுத்த நொடியே திருச்சியிலிருந்து தபால் விமானம். திருச்சி விமானத்துக்கு எண்ணெய் குறைவாக இருந்தது. அதை முதலில் இறங்கச் சொன்னான். மதராஸ் விமானத்தை இரண்டாயிரம் அடி உயரத்திலேயே வட்டமடிக்கச் சொன்னான். சொன்னதை இருவரும் திருப்பிச் சொன்னார்கள். இன்னாசிமுத்து மூச்சு விட்டான்.

"மதராஸ் விமானம். பாதை காலியாக இருக்கிறது. இறங்கலாம்."

அது இன்னாசிமுத்துவின் குரல்.

அவன் வாய் மூடியிருந்தது.

"நன்றி. இறங்குகிறேன்," என்றான் மதராஸ் விமானி.

இன்னாசிமுத்து மைக்கை வாயோடு சேர்த்து, மேலே போ என்று கத்தினான். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினான். நரம்பு புடைத்தது. சத்தமில்லை. காதுக்குள் அவனுடைய குரலே அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தது. "இன்னும் கீழே. இன்னும் கீழே வாருங்கள். உங்களுக்கு முன்னால் யாரும் இல்லை."

சுவரில் தொங்கிய கைத்துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினான். வானில் சிவப்பு மத்தாப்பைச் சுட்டு ஆபத்தென்று காட்டுவதற்காக வைத்திருந்தது அது. பாதையின் ஓரத்தில் நின்று காது கொடுத்தான். வடக்கே ஓர் எஞ்சின் இறங்கி வந்தது. மேற்கே இன்னொன்று.

மூன்றாவதாக ஒன்று கேட்டது.

அது வானத்தில் இல்லை. கரும்புக்குள்ளிருந்து வந்தது.

துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டான். பனி முழுவதும் இரத்தமாகச் சிவந்தது. அந்தச் சிவப்பில் மதராஸ் விமானத்தின் வயிறு தலைக்கு மேலே தெரிந்தது. அலறிக்கொண்டு மூக்கை நிமிர்த்தி மேலே ஏறியது. அதற்கடியில், கைக்கெட்டும் இடைவெளியில், திருச்சி விமானம் நுழைந்து மண்ணைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

கரும்பு விலகியது.

இன்னாசிமுத்து குப்புற விழுந்தான். உருவம் ஏதுமில்லாமல் ஓர் எஞ்சின் சத்தமும் அனலும் அவன்மேல் கடந்தன. பின்னந்தலை மயிர் பொசுங்கியது.

சிறிது நேரத்தில் மதராஸ் விமானமும் பத்திரமாக இறங்கியது. உள்ளே குழந்தைகள் வீறிட்டு அழுதன. வெள்ளைக்கார விமானி ஓடிவந்து இன்னாசிமுத்துவின் சட்டையைப் பிடித்தான். "நீயே இறங்கச் சொல்வாய், நீயே சிவப்பு சுடுவாயா? கொல்லப் பார்த்தாயா?"

இன்னாசிமுத்து வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

பலராமன் அறை வாசலில் நின்றிருந்தான். முகத்தில் காலையில் இருந்த விறைப்பு இல்லை.

"அவன வுடுங்க முசே. அவன் வெளிய நிக்கறப்பவும் உள்ள அவன் கொரலு பேசிக்கினுதான் இருந்திச்சி. நான் எட்டிப் பாத்தேன். நாற்காலில யாரும் இல்ல."

யாரும் நம்பவில்லை. அன்றைக்கே இன்னாசிமுத்துவை வேலையிலிருந்து நீக்கினார்கள். மாசி பிறப்பதற்குள் வயர்லெஸ் பெட்டியைப் பிரித்து லாரியில் ஏற்றித் திடலையும் மூடிவிட்டார்கள். அவனுக்குக் குரல் மட்டும் திரும்பவில்லை. புதுச்சேரி பெரியாஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்றார்.

பிறகொரு பனிக்காலையில் கரும்பு வெட்டப் போன தனக்கொடி, போன வேகத்தில் வீட்டுக்கு ஓடிவந்தாள். முந்தானை கிழிந்திருந்தது.

"இன்னாங்க... அந்தத் திடல் பக்கம் உங்க கொரல் கேட்டிச்சிங்க. நல்லா, பழையபடி. யாரு அங்கன்னு கேட்டிச்சி. எனக்குச் சந்தோசம் தாங்கல. நான்தாங்க தனக்கொடின்னு சொல்லிட்டேன். அப்பறந்தான் பாக்கறேன், அங்க யாருமே இல்ல..."

இன்னாசிமுத்து அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டான். அவள் அவன் மார்பில் ஒண்டிக்கொண்டாள். தெருவில் மாடுகள் போகும் சலங்கைச் சத்தம் கேட்டது. அது தேய்ந்ததும் யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள்.

"இன்னாங்க, கதவத் தெறங்க. நான்தாங்க, தனக்கொடி."

அவன் குனிந்து, தன்னைப் பற்றியிருந்தவளின் முகத்தைப் பார்த்தான்.

அவள் வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.