ஒளியாளின் ஆறு பக்கங்கள்

பௌர்ணமி. மாலை ஆறு மணி இருக்கும்.

கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அறைக்குள் வந்த அபிநந்தன், வரைமேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வருடமாக உட்கார்ந்து வரைந்த காமிக்ஸில் ஆறு பக்கங்களைக் காணவில்லை.

காற்றடித்துப் பறக்கவில்லை, ஜன்னல் சாத்தியிருந்தது. மற்ற தாள்களும் கலையவில்லை. யாரோ நிதானமாகப் பார்த்து, வேண்டியதை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கிரிவலப் பாதையில் பந்தோபஸ்து பார்த்துக்கொண்டிருந்த உதவி ஆய்வாளர் அன்புச்செல்விக்குத் தகவல் வந்தது. காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்துப் போயிருந்தது. காணாமல் போன பிள்ளைகள், அறுந்த சங்கிலிகள் என்று ஆயிரம் வேலைக்கு நடுவில் பொம்மைப் படமா என்று எரிச்சலோடுதான் அடி அண்ணாமலையில் இருந்த அந்த வீட்டுக்குப் போனாள்.

வாசலில் ஒரு பெண்மணி, நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அபிநந்தனின் மனைவி ஜெயந்திமாலா. தெருக்கதவு விரியத் திறந்து கிடந்தது. இந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்விட்டு வந்திருக்கலாம்.

கூடத்தில் மாலை போட்ட புகைப்படம். இருபது வயதுப் பெண், கையில் தூரிகையோடு சிரிக்கிறாள். தூரிகை பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் சற்றுக் கோணலாக வெளியே வளைந்திருந்தது.

"பொண்ணுங்களா?"

"சுருதி. போன வருஷம், பைபாஸ்ல, லாரி" என்றார் அபிநந்தன்.

அன்புச்செல்வியின் எரிச்சல் அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது.

அறைக்குள் போனார்கள். தாள்களில் பக்க எண் இல்லை, வசனமும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணும் எழுத்தும் போடுவது வழக்கம் என்றார் அபிநந்தன். மொத்தமாக ஸ்கேன் எடுத்து, திங்கட்கிழமை சிவகாசி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியது. வேறு பிரதி கிடையாது.

"கதை இன்னாங்க?"

"நிகரன்னு ஒரு செயற்கை அறிவுங்க மேடம். ஊருக்குக் கரண்டு, தண்ணி, ஆஸ்பத்திரி எல்லாத்தையும் பார்த்துக்க மனுஷன் செஞ்சது. ஒரு நாள் மனுஷனே வேணாம்னு முடிவு பண்ணிடுது. எந்த வீரனோட சக்தியையும் ஒரு தடவை பார்த்தாப் போதும், அதே மாதிரி செஞ்சிடும். தனித்தனியாப் போனவங்க எல்லாரும் தோத்துட்டாங்க. அதனால பரசுராமனோட நாலு வீரர்களும், என்னோட ஒளியாளும் முதல் தடவையா ஒண்ணு சேர்றாங்க."

"பரசுராமன் யாரு?"

"என் கூட்டாளி. வேங்கிக்கால்ல இருக்கான். பாதிப் படம் அவன் வரைஞ்சது."

"ஜெயிக்கிறாங்களா?"

"ஜெயிக்கிறாங்க. ஒளியாள் நிகரனோட நெஞ்சறைக்குள்ள போய், உள்ளேர்ந்து கதவைச் சாத்திக்கறா. தன்னை எரிச்சு அதை எரிக்கிறா. அதைப் பார்த்துக் கத்துக்கறதுக்கு நிகரனுக்கு நேரமே இருக்காது."

"காணாமப் போனது எது?"

"அவ சாகற பக்கங்க."

அன்புச்செல்வி மேஜையைப் பார்த்தாள். ஐந்து வீரர்களும் பறக்கும் வண்ண அட்டைப்படம் இருந்தது. வெள்ளி முகமூடி போட்ட ஒளியாள் ஒரு பெரிய இரும்புக் கதவைத் தள்ளும் பக்கம் இருந்தது. மூடிய கதவுக்கு வெளியே நான்கு வீரர்கள் தலை குனிந்து நிற்கும் பக்கமும் இருந்தது. மேஜையோரத்து ஸ்டூலில், மை புட்டிகளுக்குப் பக்கத்தில், மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு.

"இன்னும் சாப்பிடலையா?"

"நாங்க ஜெயினருங்க மேடம். பொழுது சாஞ்சா சாப்பிடறதில்லை. அதுக்கு முன்னாடியே ஜெயந்தி கொண்டாந்து கதவாண்ட வெளியே வச்சிட்டுப் போயிடுவா. சுருதி இங்க உட்கார்ந்துதான் எனக்குக் கலர் போடுவா. அவ போனதுலேர்ந்து ஜெயந்தி இந்த ரூமுக்குள்ள காலே வைக்கலை. இந்தக் கதையில ஒரு வரி கூடத் தெரியாது அவளுக்கு."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"புகழேந்தி. ஆசிரமத்தாண்ட காபிக் கடை வச்சிருக்கான். ஒரிஜினல் படம் வேணும்னு மூணு மாசமாத் தொங்கறான். அஞ்சு மணிக்குக் கூட வந்துட்டுப் போனான்."

மறுநாள் காலை ஒன்பது மணி. செங்கம் சாலையில் புகழேந்தியின் காபிக் கடை. சுவர் முழுக்க ஓவியங்கள். காணாமல் போன பக்கங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு அன்புச்செல்வி கேட்டாள்.

"நேத்து எதுக்குப் போனீங்க?"

"அட்டைப்படத்தைக் கேட்கத்தாங்க. தரமாட்டேன்னுட்டார்."

"ரூமுக்குள்ள போனீங்களா?"

"வாசல்லயே பேசி அனுப்பிட்டார். நம்புங்க மேடம். சாவற பக்கத்தை எடுத்தாந்து எந்தச் சுவத்துல மாட்டுவேன்? அதைப் பார்த்துக்கிட்டு எவன் காபி குடிப்பான்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. திருடியவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் அட்டைப்படம் கிடந்தது.

அடுத்து வேங்கிக்கால். பரசுராமன் கதவைத் திறந்ததுமே, "என் மேல சொல்லிட்டானா?" என்று கேட்டார்.

"ஏன் சொல்லணும்?"

"போன வாரம் பெரிய சண்டைங்க. அந்தப் பக்கங்களைப் பார்த்துட்டு நான்தான் கத்தினேன். பெத்த பொண்ணை ரெண்டாவது தடவை சாகடிக்கிறியேடா, நீ மனுஷனான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

அவர் உள்ளே போய், கதையைத் திட்டமிட்டபோது தீப்பெட்டி அளவில் கிறுக்கி வைத்த சின்னப் படங்களை எடுத்து வந்தார். காணாமல் போன ஆறையும் வரிசையாகத் தொட்டுக் காட்டினார்.

"உள்ளே போனதும் சூட்டுல முகமூடி உருகிடும். முகம் தெரியும். இந்த அஞ்சு பக்கமும் முகம். இந்த ஒண்ணு வெறும் கை. தாழ்ப்பாளைப் பிடிச்ச கை, அவ்வளவுதான். வேற எந்தப் பக்கத்துலயும் அவ முகமூடியையோ கையுறையையோ கழட்ட மாட்டா."

"யார் முகம் அது?"

பரசுராமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சுருதி முகங்க. அச்சு அசலா சுருதி. அந்தக் கை கூட. கோண விரலோட வரைஞ்சிருக்கான்."

அன்புச்செல்வி அந்தச் சின்னப் படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமூடியோடு கதவைத் தள்ளும் பக்கம், நால்வரும் தலை குனிந்து நிற்கும் பக்கம். இரண்டும் அவள் மேஜையில் பார்த்தவை. இரண்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது அபிநந்தன் காத்திருந்தார். கையில் புகார் மனு. அதில் பரசுராமனின் பெயர்.

"இருபத்தஞ்சு வருஷ சிநேகிதம்" என்றார். "இருந்தாலும் எழுதிட்டேன். அந்தப் பக்கங்க வேண்டாம்னு சொன்னவன் அவன் ஒருத்தன்தான். எடுத்துக்கங்க மேடம்."

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்க. வீட்டுக்குப் போலாம். அவரையும் வரச் சொல்லியிருக்கேன்."

பகல் பன்னிரண்டு மணிக்கு நால்வரும் கூடத்தில் இருந்தார்கள். நண்பர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜெயந்திமாலா சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புகழேந்தி எடுத்திருந்தா அட்டைப்படம்தான் போயிருக்கும்" என்று தொடங்கினாள் அன்புச்செல்வி. "பரசுராமன் சார் எடுத்திருந்தா, ஒளியாள் செத்ததுக்கான அடையாளமே இருக்கக் கூடாதுன்னு எடுத்திருப்பார். அப்போ அவ கதவுக்குள்ள போற பக்கத்தையும், நாலு பேரும் தலை குனிஞ்சு நிக்கற பக்கத்தையும் விட்டு வச்சிருக்க மாட்டார். கதை தெரிஞ்ச யாருமே விட்டு வச்சிருக்க மாட்டாங்க."

"அப்போ கதை தெரியாதவனா?" என்றார் அபிநந்தன்.

"ஆமாங்க. ஆனா கதை தெரியாதவங்களுக்கு, வெறும் கை மட்டும் இருக்கற பக்கம் யாருதுன்னு எப்படித் தெரியும்? வசனம் இல்ல, நம்பர் இல்ல. அதையும் சரியாப் பொறுக்கி எடுத்திருக்காங்க. அந்தக் கைக்கு ஒரே அடையாளம், கோண விரல்." அவள் சற்று நிறுத்தினாள். "எடுத்தவங்க ஒளியாளை எடுக்கலைங்க. சுருதியை எடுத்திருக்காங்க. முகமூடி போட்டவ யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. முகமூடி இல்லாதவளை நல்லாத் தெரியும்."

அபிநந்தன் மாலை போட்ட புகைப்படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"தினம் கதவுக்கு வெளியே இருக்கற தட்டு நேத்து உள்ள ஸ்டூல் மேல இருந்தது. நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க. ரெண்டு பேருமே யோசிக்கலை." அவள் நிலைப்படிப் பக்கம் திரும்பினாள். "நேத்து ஏன்க்கா உள்ளே போனீங்க?"

ஜெயந்திமாலா மறுக்கவில்லை.

"நாய் ஒண்ணு கூட்டத்தோட கூட்டமா உள்ள வந்துடுச்சு. தட்டை வெளியே வச்சா வாய் வச்சிடும்னு உள்ள கொண்டு போனேன். ஸ்டூல் மேல வச்சிட்டு நிமிர்ந்தேன். மேஜை மேல, தாள்ல, சுருதி படுத்திருந்தா."

அவர் உள்ளே போய், சுருதியின் அலமாரியிலிருந்து ஒரு பாவாடைத் துணியில் சுற்றிய தாள்களை எடுத்து வந்து தரையில் வைத்தார். ஓரம் கூட மடங்கவில்லை.

"பொண்ணு இன்னொரு தடவை சாகக் கூடாதுன்னு நினைச்சிட்டீங்க" என்றாள் அன்புச்செல்வி மெதுவாக. "யாரா இருந்தாலும்..."

"இல்லைங்க." ஜெயந்திமாலா குறுக்கிட்டார். "சாகக் கூடாதுன்னு நான் எடுக்கலை. செத்துட்டா. எனக்குத் தெரியாதா? அவ முகத்தை நான் பார்க்கவே இல்லைங்க. ஆஸ்பத்திரியில இவர் மட்டும் உள்ள போனார். வெளிய வந்து, நீ பார்க்காத ஜெயந்தின்னார். துணி சுத்தியே கொண்டாந்தாங்க, சுத்தினபடியே எரிச்சிட்டாங்க. ஒரு வருஷமாக் கேட்கறேன், எப்படி இருந்தான்னு. தூங்கற மாதிரி இருந்தான்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவார்." கணவரிடம் திரும்பினார். "எனக்குக் காட்டாத முகத்தை ஊருக்கெல்லாம் காட்டப் போறீங்களே. நான் ஒரு ராத்திரியாவது வச்சுப் பார்க்கக் கூடாதா?"

அன்புச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கொரோனா நேரத்தில் அவளுடைய அப்பாவையும் பையில் கட்டித்தான் கொடுத்தார்கள். கடைசியில் எப்படி இருந்தார் என்று இன்று வரைக்கும் அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. திருடியவரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். ஏன் என்பதைக் கோட்டைவிட்டிருந்தாள்.

அபிநந்தன் தரையில் உட்கார்ந்தார். தாள்களின் மேல் கையை வைத்தார்.

"இது அவ முகம் இல்ல ஜெயந்தி."

"இன்னா சொல்றீங்க?"

"அன்னிக்கு நான் பார்த்தது இது இல்ல. இப்படி இருந்திருக்கக் கூடாதான்னு நானா வரைஞ்சது. அதைப் பார்த்துட்டு வந்த கண்ணை மூட முடியலை. அதுக்கு மேல இதை வரைஞ்சு வரைஞ்சு அழிக்கப் பார்த்தேன்."

தெருவில் ஏதோ ஒரு வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு போனது. ஜெயந்திமாலா அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

"வேணாம்மா."

"பெத்தவ நான். பொய் சொல்லாம எல்லாத்தையும் சொல்லுங்க."

அபிநந்தன் தாள்களை ஓரமாக நகர்த்தி வைத்தார். "வலது பக்கம் ஒண்ணும் ஆகலை..." என்று ஆரம்பித்தார்.

அன்புச்செல்வி எழுந்தாள். பரசுராமனும் எழுந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். இருவரும் வாசலில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் அழுகை கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. பரசுராமன் செருப்பை மாட்டப் போனவர், மாட்டாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாவு வீட்டுல கூட ஜெயந்தி தங்கச்சி அழலைங்க" என்றார். "ஒரு வருஷமா அழவே இல்ல."

"அந்தப் புகார் மனு என்கிட்ட இருக்கு" என்றாள் அன்புச்செல்வி. "கிழிச்சிடறேன். நீங்க இங்கேயே இருங்க. அவருக்கு ஆள் வேணும்."

சிவகாசிக்குத் திங்கட்கிழமை எதுவும் போகவில்லை. தீபத் திருநாளுக்கு வர வேண்டிய புத்தகம் பொங்கல் கழித்துத்தான் வந்தது. பரசுராமனே ஸ்டேஷனுக்கு ஒரு பிரதி கொண்டு வந்து கொடுத்தார்.

அன்புச்செல்வி நேராகக் கடைசிப் பகுதியைப் பிரித்தாள். அந்த ஆறு பக்கங்களும் புதிதாக வரையப்பட்டிருந்தன. முகமூடி உருகி விழுகிறது. நெருப்பு வெளிச்சத்தில் நிகரனின் ஆயிரம் கண்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஆனால் ஆறிலும் ஒளியாள் நமக்கு முதுகு காட்டியே நிற்கிறாள்.

"பழைய பக்கங்க?"

"தங்கச்சிகிட்டயே இருக்கு. புதுசை வரையறப்ப பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. கலர் கூட அவங்கதான் போட்டாங்க. சுருதி பிரஷ்ஷால."

அவள் இன்னொரு முறை புரட்டினாள். பரசுராமன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"படிக்கிற பசங்க ஃபோன் பண்றாங்க மேடம். கடைசியில அவ முகத்தை ஏன் சார் காட்டலைன்னு சண்டைக்கு வர்றாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அவங்க அம்மா பார்த்துட்டாங்கன்னு சொன்னேன்."